ஒரே செடி, மூன்று புட்டி: சாடிவெக்ஸ், எபிடியோலெக்ஸ், கடையில் விற்கும் சி.பி.டி. எண்ணெய்

"உங்கள் எண்டோகன்னாபினாய்டு அமைப்பைச் சமநிலைக்குக் கொண்டுவரும்." கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத சி.பி.டி. என்ற பொருளின் எண்ணெயை விற்பவர்கள் மாற்றி மாற்றிச் சொல்லும் வாசகம் இது. அந்த அமைப்பு என்பது, கஞ்சாவின் பொருள்கள் போய் ஒட்டும் 'பூட்டுகளும்' (ஏற்பிகள்), அவற்றுக்கு உடலே செய்யும் 'சாவிகளும்' சேர்ந்தது. லண்டன் கடைத்தெருவில் வைட்டமின் மாத்திரைகளுக்குப் பக்கத்து அலமாரியிலேயே இந்த எண்ணெய் கிடைக்கும். அதே கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த இன்னும் இரண்டு புட்டிகள் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கைக்கு வரும்: சாடிவெக்ஸ், எபிடியோலெக்ஸ். இரண்டும் பிரிட்டனின் ஜி.டபிள்யூ. ஃபார்மசூட்டிகல்ஸ் உருவாக்கியவை. 2021இல் அந்த நிறுவனத்தை ஜாஸ் ஃபார்மசூட்டிகல்ஸ் வாங்கியது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். அமைப்பின் பெயரை உரக்கச் சொல்லும் புட்டிதான் அதை மிகக் குறைவாகத் தொடுகிறது. வலிப்பை நன்றாகக் குறைக்கும் எபிடியோலெக்ஸ் புட்டியோ அந்த அமைப்பின் முக்கியப் பூட்டைத் தொடாமலே வேலை செய்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் புட்டி ஒன்றே ஒன்றுதான், அது சாடிவெக்ஸ். இது ஏன் என்று புரிய, அமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தத் துறையில் சாவி முதலில் கிடைத்தது, பூட்டு பிறகுதான். 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெகீல் காவோனியும் கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யைப் பிரித்து அதன் வடிவத்தைச் சொன்னார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது 1988 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் ஏற்பி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் சி.பி.1. நோயெதிர்ப்பு அணுக்களில் நிறைந்திருக்கும் சி.பி.2 ஏற்பி 1993இல் தெரியவந்தது. உடலில் பூட்டு இருக்கிறது என்றால் உடலே செய்யும் சாவியும் இருக்க வேண்டுமே? 1992இல் அது கிடைத்தது. அதற்கு வைத்த பெயர் அனந்தமைடு, நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்துதான். 1995இல் இரண்டாவது சாவியான 2-ஏ.ஜி. வந்தது. மூளையில் அளவில் அதிகம் இருப்பது இந்த இரண்டாவதுதான். அழகான பெயர் கிடைக்காததால் விளம்பரங்களில் அது வருவதில்லை.

வேலை செய்யும் விதத்துக்குப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு வருகிறார். இலை நிறைந்ததும் சாப்பிடுபவர் இலைமேல் கையை நீட்டி "போதும்" என்கிறார். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி பொதுவாக ஒரு திசையில் போகும்: அனுப்பும் அணு வேதிப்பொருளை விடும், வாங்கும் அணு வாங்கிக்கொள்ளும். அளவுக்கு மேல் வந்தால் வாங்கும் அணுவுக்குள் கால்சியம் ஏறும். உடனே அதன் சவ்விலுள்ள கொழுப்பை ஒரு நொதி வெட்டி 2-ஏ.ஜி. செய்யும். அது இடைவெளியைப் பின்னோக்கிக் கடந்து, அனுப்பும் அணுவின்மேல் இருக்கும் சி.பி.1 ஏற்பியைத் தொடும். அங்கே கால்சியம் வாசல் மூடும், அடுத்த கரண்டி வராது. இந்தப் பின்னோக்கிய பயணம் 2001இல்தான் உறுதியானது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்தச் சாவிகளுக்குக் கிடங்கு கிடையாது. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் செய்து, வேலை முடிந்ததும் உடைத்துவிடும். அனந்தமைடை உடைப்பது எஃப்.ஏ.ஏ.எச். என்ற நொதி, 2-ஏ.ஜி.யைப் பெரும்பாலும் உடைப்பது எம்.ஏ.ஜி.எல். இரண்டு, "போதும்" என்று யாரிடம் சொல்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட்டை அடக்கினால் அமைதி. அடக்கிவைக்கும் காபாவை அடக்கினால் அதற்கு நேர்மாறு. கஞ்சா ஒருவருக்கு நிம்மதியும் இன்னொருவருக்குப் பதற்றமும் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டி.எச்.சி. வரும்போது நடப்பது, பந்தியில் யாரோ ஒருவர் வந்து எல்லா இலைமேலும் கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பதைப் போன்றது. போதும் என்றவர் இலை, போதாது என்றவர் இலை என்ற பேதம் அதற்கு இல்லை. சி.பி.1 நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸில் அதிகம், அதனால் சற்றுமுன் சொன்னது மறக்கிறது. சிறுமூளையில் அதிகம், அதனால் கால் தடுமாறுகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் குறைவு, அதனால் ஓபியம் வகை மருந்துகள்போல் மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. இதைப் "பாதிப்பே இல்லை" என்று படிப்பவர்கள் உண்டு, அது தவறு. நாள்தோறும் கஞ்சா புகைப்பவர்களின் மூளையில் சி.பி.1 எண்ணிக்கை குறைந்துபோவதையும், நிறுத்தினால் சுமார் 4 வாரத்தில் பெரும்பாலும் திரும்புவதையும் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

'சமநிலை' என்ற சொல்லை எளிதாக விற்பவர்கள் ரிமோனபான்ட் கதையைப் படிக்க வேண்டும். சி.பி.1ஐ அடைத்தால் பசி குறையும், எடை இறங்கும் என்று 2006இல் ஐரோப்பாவில் வந்த மாத்திரை அது. எடை இறங்கவும் செய்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008இல் சந்தையிலிருந்து போய்விட்டது. உடல் முழுக்கப் பரவிய ஒரு அமைப்பை ஒரே திருகில் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாடிவெக்ஸ்

வாய்க்குள் தெளிக்கும் ஸ்பிரே. ஒரு தெளிப்பு 100 மைக்ரோ லிட்டர், அதில் டி.எச்.சி. 2.7 மி.கி., சி.பி.டி. 2.5 மி.கி. நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வரும் தசை விறைப்புக்கு, மற்ற மருந்துகள் போதாதபோது சேர்த்துக் கொடுப்பது. பிரிட்டனில் 2010இல் ஒப்புதல் பெற்றது. இந்த நோயில் மூளைக்கும் தசைக்கும் இடையிலான தடுப்புக் கட்டளைகள் அறுந்துபோவதால், தசைக்குக் கிளர்ச்சிச் செய்தி அளவில்லாமல் போகிறது. சி.பி.1 வழியாக அந்தப் பரிமாறலைக் குறைப்பதுதான் இதன் வேலை. அதாவது எண்டோகன்னாபினாய்டு அமைப்பின் பெயரை நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய புட்டி இது.

அளவு ஏற்றும் விதம்தான் இதன் உயிர். முதல் இரண்டு நாள் மாலையில் ஒரு தெளிப்பு மட்டும். மூன்றாம், நான்காம் நாள் மாலையில் இரண்டு. ஐந்தாம் நாளில்தான் காலையில் ஒன்று சேரும். இப்படிப் படிப்படியாக ஏறி 14ஆம் நாளில் காலை 5, மாலை 7 என்ற 12 உச்சம். உச்சத்தைத் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எந்தப் படியில் விறைப்பு போதுமான அளவு தளர்கிறதோ அங்கே நிற்க வேண்டும். இரண்டு தெளிப்புக்கு இடையே குறைந்தது 15 நிமிடம். கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தெளித்த உடனே ஒன்றும் தெரியவில்லையே என்று அடுத்ததை அழுத்தினால், எல்லாம் சேர்ந்து ஏறும்போது தலை சுற்றும், நிற்க முடியாது. ஏற்கெனவே கால் சரியில்லாத நோயாளிக்கு விழுந்து எலும்பு முறிய அது போதும்.

புட்டியைப் பற்றிச் சில. புதிதாகத் திறந்ததும் இரண்டு மூன்று முறை வெளியே, கைத்துடைப்புத் தாளில் அழுத்தி, மெல்லிய தூவலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்; முகத்தை விலக்கியே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். திறக்கும்வரை குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. திறந்தபின் 25 டிகிரிக்கு மேல் போகாமல் நிமிர்த்தி வைத்தால் போதும், ஆனால் 10 மி.லி. புட்டியை 42 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் 90 தெளிப்பு. கரைசலில் பாதி எத்தனால் என்பதால் எரியும். ஒரே இடத்தில் தினமும் தெளித்தால் அந்த இடம் வெளுத்துப் புண்ணாகும். நாக்கின் அடி, இடது கன்னம், வலது கன்னம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதினா எண்ணெய் சேர்த்திருந்தாலும் சுவை சுமார்தான்.

உணவோடு எடுத்தால் ரத்தத்தில் ஏறும் டி.எச்.சி. அளவு கூடும். ஒரு நாள் வெறும் வயிற்றில், ஒரு நாள் சாப்பிட்டபின் என்று எடுப்பவர் "நேற்று இரண்டே போதும்போல் இருந்தது, இன்று நான்கும் போதவில்லை" என்று குழம்புவார். குறை புட்டியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சிசோஃப்ரினியா போன்ற மனநோய் தமக்கோ நெருங்கிய குடும்பத்திலோ இருந்தால் இந்த மருந்து கூடாது. பாலூட்டும் தாய்க்கும் கூடாது.

எல்லோருக்கும் பலிக்குமா? பலிக்காது. ஒரு பெரிய ஆய்வில் முதல் 4 வாரத்தில் 572 பேரில் 272 பேருக்குத்தான் விறைப்பு 20 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது. அதனால்தான் பிரிட்டனில் 2019 வழிகாட்டுதல் 4 வாரம் சோதித்துப் பார், 20 விழுக்காடு குறைந்தால் தொடர், இல்லையென்றால் நிறுத்து என்கிறது. 0 முதல் 10 வரை நோயாளியே போடும் மதிப்பெண்தான் அளவுகோல். ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன்பிருந்தே தினமும் அந்த எண்ணை ஒரு நோட்டில் குறிக்காதவர், நான்காம் வாரத்தில் எதை வைத்து முடிவெடுப்பார்? அமெரிக்காவில் புற்றுநோய் வலிக்கு இதை முயன்ற ஆய்வுகள் 2015இல் தோற்றன, அங்கே இது ஒப்புதல் பெறவில்லை. விறைப்புக்கு நல்ல மருந்து. வலிக்கெல்லாம் பொது மருந்து அல்ல.

எபிடியோலெக்ஸ்

ஐரோப்பாவில் இதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து மாறும், ஒலிப்பு அதேதான், மருந்தும் ஒன்றுதான். ஒரு மி.லி.யில் 100 மி.கி. சுத்தமான சி.பி.டி., நல்லெண்ணெயில் கரைத்தது. கூடவே கொஞ்சம் ஆல்கஹால், சுக்ரலோஸ், ஸ்ட்ராபெரி மணம். எள் ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது. அமெரிக்காவில் 2018 ஜூன் 25 அன்று டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு ஒப்புதல் பெற்றது. 2020இல், உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபு நோயான டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் வரும் வலிப்பும் சேர்ந்தது, குறைந்தபட்ச வயதும் ஒன்றுக்கு இறங்கியது.

இங்கேதான் வேடிக்கை. இந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே, வலிப்பைத் தடுக்கும் வேலை கன்னாபினாய்டு ஏற்பிகள் வழியாக நடப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. சி.பி.டி. சி.பி.1இல் சரியாக ஒட்டுவதே இல்லை. போதை தராததற்கும் அதுவே காரணம். ஜி.பி.ஆர்.55 என்ற வேறொரு ஏற்பியை அடைப்பது, டி.ஆர்.பி.வி.1 என்ற வாசலைச் சோர்வடையச் செய்வது, அடினோசின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பது ஆகியவை ஆய்வில் இருக்கும் விளக்கங்கள். பந்தியில் இலைமேல் கை வைப்பவர் இவர் இல்லை. சமையற்கட்டுக்குள் போய் அடுப்பைத் தணிப்பவர்.

பலன் உண்மையானது. 2017இல் வெளிவந்த டிராவே ஆய்வில், மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆக இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத திரவம் எடுத்தவர்களுக்கு 14.9 இலிருந்து 14.1. முற்றிலும் நின்றவர்கள் 5 விழுக்காடு. அந்த 5ஐ மறந்துவிட்டுப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் அநியாயம். பாதியாகக் குறைக்கும் மருந்து இது, துடைத்தெறியும் மருந்து அல்ல.

அளவு எடைக்கு ஏற்ப. 20 கிலோ குழந்தை என்றால் முதல் வாரம் காலை 0.5 மி.லி., இரவு 0.5 மி.லி. அடுத்த வாரம் தலா 1 மி.லி. தேவைப்பட்டு, தாங்கினால் மருத்துவர் தலா 2 மி.லி. வரை ஏற்றுவார். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கு உச்சம் இன்னும் சற்று மேலே, தலா 2.5 மி.லி. உடம்பில் இதன் அளவு பாதியாக 56 முதல் 61 மணி நேரம் ஆகும். எனவே ஒரு அளவுக்கு ஏற்றி மூன்றாம் நாளே "பலிக்கவில்லை" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

திறந்த புட்டிக்கு ஆயுள் 12 வாரம், அதாவது 84 நாள். 10 கிலோ குழந்தைக்கு நாளைக்கு 1 மி.லி. என்றால் 100 மி.லி. புட்டி 100 நாள் வரும், கடைசி 16 மி.லி. கொட்டத்தான் வேண்டும். அறிமுகமானபோது ஆண்டுக்குச் சுமார் 32,500 டாலர் என்று விலை சொன்ன மருந்தில் இது சின்னக் குறை அல்ல. குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். சிரிஞ்சைக் கழுவினால் உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லாமல் காய வேண்டும். எண்ணெயில் தண்ணீர் பட்டால் மருந்து கலங்கும். வீட்டு ஸ்பூனால் அளப்பது கூடவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், உணவு. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு கொடுத்தால் ரத்தத்தில் உச்ச அளவு வெறும் வயிற்றைவிட 5 மடங்கு, மொத்த அளவு 4 மடங்கு கூடுகிறது. பள்ளி நாளில் பாலோடு, விடுமுறை நாளில் நெய்ப் பொங்கலோடு என்று கொடுத்தால் மருத்துவர் எழுதிய அளவுக்குப் பொருளே இல்லை. சாப்பாட்டோடு என்றால் எப்போதும் சாப்பாட்டோடு, ஒரே மாதிரிச் சாப்பாட்டோடு.

இரண்டு மருந்துகளோடு உராய்வு. குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் குழந்தைக்கு, அதன் வீரியமான சிதைபொருளை சி.பி.டி. மூன்று மடங்கு ஏற்றிவிடும். குழந்தை தூங்கி வழிந்தால் சி.பி.டி.யைப் பழிப்பதற்குமுன் குளோபசாமைக் குறைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பு அதிகம். தொடங்கும் முன்பும், 1, 3, 6 மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். இந்தப் பரிசோதனை பிடிக்காமல் "இயற்கையான" எண்ணெய்க்கு மாறுபவர்கள் பரிசோதனையை விட்டார்களே தவிர மூலக்கூறை விடவில்லை. திடீரென நிறுத்தினாலும் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

கடை எண்ணெய்

30 மி.லி. புட்டி, 1000 மி.கி. என்று எழுதியிருக்கும். மி.லி.க்கு 33 மி.கி. சொட்டுக்கு ஒன்றரை மி.கி. சொச்சம். அதே 20 கிலோ குழந்தைக்கு எபிடியோலெக்ஸின் சாதாரண அளவு நாளைக்கு 200 மி.கி.; இந்த எண்ணெயில் அது 6 மி.லி., ஐந்தே நாளில் புட்டி காலி. பெரியவர்களின் மேடைப் பேச்சுப் பதற்றத்துக்குப் பலன் தெரிந்த ஆய்வில் கொடுத்தது ஒரே வேளையில் 300 மி.கி., அதாவது இதில் 9 மி.லி. நாக்கடியில் ஐந்து சொட்டு விட்டுக்கொள்பவர் 8 மி.கி. எடுக்கிறார். அதிலும் பெரும்பகுதி விழுங்கிப்போய்க் கல்லீரலில் சிதைகிறது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்போ 2023 அக்டோபரில், நலமான பெரியவர்கள் நாளைக்கு 10 மி.கி.க்கு மேல் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. முன்பு அது 70 ஆக இருந்தது. பாதுகாப்பு என்று சொன்ன அளவுக்கும் பலன் தெரிந்த அளவுக்கும் இடையே இத்தனை தூரம் இருக்கும்போது, இதை வாங்குபவர் எதற்காகப் பணம் கொடுக்கிறார்?

லேபிளையும் நம்ப முடியாது. 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்தபோது, சொன்ன அளவு சரியாக இருந்தது 31 விழுக்காட்டில்தான். 26 விழுக்காட்டில் குறைவு, 43 விழுக்காட்டில் அதிகம். 18 பொருள்களில் டி.எச்.சி. இருந்தது. வேலையிடத்தில் சிறுநீர்ச் சோதனை உள்ளவர்கள் கடைசி எண்ணை இரண்டுமுறை படிக்கவும்.

அப்படியும் வாங்குவதென்றால், புட்டியின் தொகுதி எண்ணும் ஆய்வகச் சான்றிதழில் உள்ள தொகுதி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல கடைகள் ஒரே பழைய சான்றிதழை எல்லாப் புட்டிக்கும் காட்டும். டி.எச்.சி. இடத்தில் 'இல்லை' என்று மட்டும் இருந்தால் போதாது, எந்த அளவுக்குக் கீழே அளக்க முடியாது என்பதும் இருக்க வேண்டும். பூச்சிமருந்து, கன உலோகம், கரைப்பான் எச்சம் மூன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். 'முழு நிறமாலை' என்றால் டி.எச்.சி. கொஞ்சம் இருக்கும். வேறு மருந்து எடுப்பவர்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வருபவர்களுக்கு: இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூ, காய் நுனிகளையும் பிசினையும் அவற்றிலிருந்து செய்த கலவைகளையும் தடைசெய்கிறது. இலை அந்த வரையறைக்குள் வராததால்தான் ஆயுர்வேத உரிமத்தில் 'விஜயா' இலைச் சாறு விற்கிறார்கள். லண்டன் புட்டியிலுள்ளது எந்தப் பாகத்தின் சாறு என்று சுங்க அதிகாரிக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் சிக்கல் இன்னும் பெரிது.

கடைசியாக, இதே அலமாரியில் மலிவாக நிற்கும் 'ஹெம்ப் எண்ணெய்'. பின்பக்கம் 'ஹெம்ப் சீட் ஆயில்', அதாவது கஞ்சா விதை எண்ணெய் என்று இருந்தால் அது விதையை ஆட்டி எடுத்தது, சி.பி.டி. பேருக்குத்தான் இருக்கும். இந்திய உணவுத் தர ஆணையம் 2021 நவம்பரில் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக அனுமதித்தது அதனால்தான். ஒமேகா கொழுப்பு நல்ல அளவில் உண்டு, சூடு தாங்காது. தாளிக்காமல், ஆறிய சாலட்டின்மேல் ஊற்றிக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.